ஓட்டுக்கு அடியில் என்ன போடுவது? சேலத்து மொட்டை மாடிக்கும் ஏற்காட்டு ஓட்டு வீட்டுக்கும்

சேலம் அழகாபுரத்தில் தங்கை வீட்டு மொட்டை மாடியில் பழைய தட்டோட்டை (தளத்தில் பதிக்கும் தட்டையான ஓடு) பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் சித்தப்பாவின் ஓட்டு வீட்டில் ரீப்பர் (ஓடு மாட்டும் குறுக்குச் சட்டம்) மாற்றி, ஓடு பிரித்து வேய வேண்டும். இரண்டு பேரும் கேட்டது ஒரே கேள்விதான்: ஓட்டுக்கு அடியில் என்ன போடலாம்? சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் வெயிலில் காய்கிற ஊர். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மஞ்சு மூடிக் கிடக்கிற ஊர். இரண்டுக்கும் ஒரே பொருளை விற்கக் கடைக்காரர்கள் தயாராக இருக்கிறார்கள். வாங்குகிறவர்கள்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கூரைக்கு இரண்டு வேலை உண்டு. வெயிலைத் தடுக்க வேண்டும், தண்ணீரை நிறுத்த வேண்டும். ஓடு வெயிலைத் தாங்கும், மிதிபடுவதைத் தாங்கும், மழையின் பெரும்பகுதியை வழித்து விடும். இணைப்பு வழியாகவும் வெடிப்பு வழியாகவும் இறங்குகிற மிச்சத் தண்ணீரை நிறுத்துவது அடியில் கிடக்கும் படலம். தங்கை வீட்டுக்கு வந்த மேஸ்திரி, "ஏனுங்க, தட்டோடு பதிச்சு சந்து நல்லா அடைச்சுட்டாப் போதாதுங்களா? அடியில வேற எதுக்குங்க செலவு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. சந்து அடைத்த கலவை நாலைந்து கோடை தாண்டினால் மயிரிழையாக விட்டுவிடும். அதற்குப் பிறகு தண்ணீர் எங்கே போய் நிற்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

பாலைவனத்தில் என்ன நடக்கிறது

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இருக்கும் ஃபீனிக்ஸ் ஒரு பாலைவன நகரம். கோடையில் 43 டிகிரி அங்கே சாதாரணம். ஆண்டு மழை சராசரியாக 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. சரிவுக் கூரையில் ஓடு போட்ட வீடுகள் அங்கே ஏராளம். ஓடு ஐம்பது ஆண்டுகள் தாண்டியும் கெடுவதில்லை. அதற்கு அடியில் விரித்த, தார் தோய்த்த ஃபெல்ட் என்ற தடித்த விரிப்பு மட்டும் இருபது, முப்பது ஆண்டுகளில் மொரமொரவென்று காய்ந்துவிடுகிறது.

மழையே இல்லாத ஊரில் கூரை ஏன் ஒழுகுகிறது? ஓட்டுக்குக் கீழே அடைபடும் சூடு தாரில் உள்ள எண்ணெய்ப் பசையைக் கொஞ்சம் கொஞ்சமாக வற்றவைக்கிறது. பகலில் விரிந்து இரவில் சுருங்குகிற ஃபெல்ட், ஆணி அடித்த இடங்களில் கிழிகிறது. தாழ்வார ஓரத்தில் ஓட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துண்டு நேர் வெயிலில் முதலில் பொடிகிறது. ஜூலைக்கு மேல் இடி மழை கொட்டும்போதுதான் இதெல்லாம் தெரியவரும். படலத்தைக் கொல்வது வெயில். மழை அதைக் காட்டிக் கொடுக்கிறது.

அங்கே பழுது பார்க்கும் விதம் நமக்கு ரொம்ப முக்கியம். ஓட்டைக் கழற்றி அடுக்கிவைத்து, காய்ந்த ஃபெல்ட்டை உரித்தெடுத்து, புதியதை விரித்து, அதே ஓட்டைத் திரும்ப மாட்டுகிறார்கள். ஓடு சட்டத்திலும் ஆணியிலும் நிற்பதால் இது முடிகிறது. நம் மொட்டை மாடியில் தட்டோடு சிமென்ட் கலவையில் பதிந்து கிடக்கிறது. உடைக்காமல் எடுக்க முடியாது. அடியில் இருக்கும் படலம் பத்து வருடத்தில் போய்விட்டால், மேலே நன்றாக இருக்கும் ஓடும், ஓட்டுக்குக் கீழே பரப்பிய செங்கல் ஜல்லியும் சேர்ந்து குப்பை வண்டிக்குத்தான் போகும்.

அதனால் விலையைக் கேட்பதற்கு முன்னால் நான் கேட்கச் சொல்லும் கேள்வி இது: இதைப் பின்னால் பிரித்துப் பார்க்க முடியுமா? முடியாத இடத்தில், அடியில் போடும் படலம் மேலே இருக்கும் ஓட்டின் ஆயுளுக்கு ஈடு கொடுக்க வேண்டும், வெயில் அதன்மேல் படவே கூடாது. முடிகிற இடத்தில் நடுத்தரமான பொருளைப் போட்டுக் காலாகாலத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

சேலத்து வெயில் எப்படிப்பட்டது

சேலம் பாலைவனம் கிடையாது. ஆண்டுக்கு சுமார் 1,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது, ஃபீனிக்ஸைப் போல ஐந்து மடங்கு. ஆனால் மாசி பிறந்தால் வைகாசி வரைக்கும் வெயிலில் குறைச்சல் இல்லை. வடக்கே நகரமலையும் சேர்வராயனும், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை என்று நாலா பக்கமும் மலை சூழ்ந்த ஊர். 40 டிகிரியைத் தொடும் நாளில் வெறும் கான்கிரீட் தளம் 60 டிகிரிக்குப் பக்கமாகப் போகும். அன்று சாயங்காலமே கோடை மழை இறங்கினால், தளத்தின் மேற்பரப்பு கொஞ்ச நேரத்தில் 30-க்கு வந்துவிடும்.

கான்கிரீட் ஒரு டிகிரிக்கு, மீட்டருக்கு நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் அளவுக்கு விரிந்து சுருங்கும். 10 மீட்டர் நீளத் தளம் 30 டிகிரி குளிர்ந்தால் 3 மில்லிமீட்டர் சுருங்கப் பார்க்கிறது. மேற்பரப்பு முதலில் குளிர்கிறது, உள்ளே சூடு அப்படியே நிற்கிறது. இந்த இழுபறியில்தான் கைப்பிடிச் சுவர் ஓரத்திலும் தட்டோட்டு இணைப்பிலும் வெடிப்பு விழுகிறது. பாலைவனத்து வெயிலையும் தாங்கி, அதற்குப் பிறகு ஐப்பசி வரைக்கும் மழையையும் தாங்குகிற படலம்தான் சேலத்துக்கு வேண்டும்.

மொட்டை மாடிக்கு என்னென்ன வழி

நம் ஊர் வழியில் ஆரம்பிக்கலாம். 20 மில்லிமீட்டர் செங்கல் ஜல்லியை, மணல் சேர்க்காமல், நீற்றிய சுண்ணாம்பில் கலந்து சராசரி 75 மில்லிமீட்டர் கனத்துக்குப் பரப்புவார்கள். பொதுப்பணித் துறை முறையில் ஜல்லி 32 பங்குக்குச் சுண்ணாம்பு 12½ பங்கு. கடுக்காய் ஊறலும் வெல்லத் தண்ணீரும் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். அதன்மேல் தட்டோடு. இந்த முறையை நான் மிகவும் மதிக்கிறேன். வெயில் வீட்டுக்குள் இறங்க நேரம் பிடிக்கும், தண்ணீர் வடிய வாட்டம் எடுக்க வசதி, சுண்ணாம்பு தன்னில் விழும் நுண்ணிய வெடிப்பைத் தானே ஓரளவு அடைத்துக்கொள்ளும்.

இப்போது நடப்பதோ வேறு. சுண்ணாம்புக்குப் பதில் சிமென்ட், கட்டையால் தட்டுவதே இல்லை, காலையில் கொட்டிச் சாயங்காலம் மட்டம் பார்த்து முடித்துவிடுகிறார்கள். அப்படிப் போட்ட ஜல்லி ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். மழை விட்டு நாலு நாள் கழித்துக் கூரையில் ஓதம் படர்கிறது என்றால், பெரும்பாலும் ஜல்லிக்குள் தேங்கிய தண்ணீர்தான் காரணம். எடையும் சாதாரணமில்லை. 1,000 சதுர அடிக்கு 75 மில்லிமீட்டர் ஜல்லித்தளம் 12 டன்னுக்கு மேல் வரும், தட்டோடு தனி. ஆகவே வெயிலைத் தடுக்கவும் வாட்டம் கொடுக்கவும் இது இன்றைக்கும் நல்ல பொருள். தண்ணீரை நிறுத்தும் பொறுப்பை மட்டும் இதை நம்பி விடாதீர்கள்.

அந்தப் பொறுப்புக்கு இரண்டு போட்டியாளர்கள் உண்டு: டார்ச் என்ற கேஸ் நெருப்பு வைத்து உருக்கி ஒட்டும் தார் ஷீட், உருளையால் தடவும் திரவப் பூச்சு.

தார் ஷீட் 1 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீள ரோலாக வருகிறது. கனம் 3 அல்லது 4 மில்லிமீட்டர். எந்தத் தார் என்பதில்தான் சேலத்துக்கான விடை இருக்கிறது. கூரை வேலைக்குப் பழைய காலத்தில் காய்ச்சி ஊற்றிய 85/25 ரகத் தார் 85 டிகிரி வாக்கில் இளகும். 60 டிகிரிக்குப் போகும் தளத்தில் அது அவ்வளவு தெம்பான இடைவெளி கிடையாது. ஏ.பி.பி. என்ற பிளாஸ்டிக் கலந்த தார் 150 டிகிரி வாக்கில்தான் இளகும். எஸ்.பி.எஸ். என்ற ரப்பர் கலந்தது 100 டிகிரியைத் தாண்டி இளகும், கடுங்குளிரிலும் விறைக்காமல் வளையும். பனி உறையும் நாட்டுக்கு எஸ்.பி.எஸ். சரி. சேலத்துக்கு அந்தக் குணம் எதற்கு? ஏ.பி.பி. போதும். உள்ளே கண்ணாடி இழை வைத்தது மலிவு, பாலியஸ்டர் துணி வைத்தது இழுப்புக்குக் கிழியாமல் கொடுக்கும். ஓட்டுக்கு அடியில் நிரந்தரமாகப் புதையப்போகிற படலத்தில் அந்தச் சின்ன விலை வித்தியாசத்தை மிச்சம் பிடிக்கக் கூடாது.

ஷீட்டின் பலவீனம் கைவேலையில் இருக்கிறது. தளம் ஈரமாக இருந்தால் அடியில் ஆவி கட்டிக் கொப்பளிக்கும். ஒரு ஷீட் மேல் அடுத்த ஷீட் பக்கவாட்டில் 100 மில்லிமீட்டர், முனையில் 150 மில்லிமீட்டர் ஏற வேண்டும். இணைப்பில் தார் உருகி வெளியே சின்னக் கரையாகப் பிதுங்கியிருந்தால் நன்றாக ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையை முதலில் கலவையால் சாய்வாக உருட்டிப் பூசிவிட்டுத்தான் ஷீட்டை மேலே ஏற்ற வேண்டும். செங்குத்து மூலையில் மடக்கினால் மடிப்பிலேயே விட்டுவிடும். ஷீட் மேல் நேராகச் செங்கல் ஜல்லியைக் கொட்டவும் கூடாது. ஜல்லி முனை குத்தும். மெல்லிய சிமென்ட் பூச்சோ ஜியோ துணி என்ற தடித்த செயற்கை இழைத் துணியோ போட்டு மூடிவிட்டு மேல் வேலையைத் தொடங்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஷீட்டை ஒட்டிவிட்டு மேலே எதுவும் போடாமல் கறுப்பாகவே விட்டுவிடும் மாடிகளைச் சேலத்தில் நிறையப் பார்க்கிறேன். இருப்பதிலேயே மோசமான முடிவு அதுதான். கறுப்பு வெயிலை இழுக்கிறது, வீடு வேகிறது, ஷீட்டும் சீக்கிரம் பாளம் பாளமாக வெடிக்கிறது. மூடப் பணம் இல்லையென்றால், மேலே கல்பொடி ஒட்டிய ரகத்தை வாங்குங்கள், இல்லையென்றால் அலுமினியப் பெயின்டாவது அடியுங்கள்.

திரவப் பூச்சில் இரண்டு ஜாதி. சிமென்ட் பொடியும் அக்ரிலிக் பாலும் கலந்து தடவுவது மலிவு. கொத்தனாரே தடவிவிடலாம், கொஞ்சம் ஈரமான தளத்திலும் பிடிக்கும். குளியலறைக்கு நான் அதைத் தயங்காமல் சொல்வேன். வெயிலில் விரிந்து சுருங்கும் தளத்துக்கு அதன் இழுவை போதாது. பாலியூரித்தேன் பூச்சு தன் நீளத்தைப் போலப் பல மடங்கு இழுத்தாலும் கிழியாது, இணைப்பே இல்லாமல் ஒரே தோலாக நிற்கும். தண்ணீர்த் தொட்டியின் கால்கள், குழாய்க் கூட்டம், சோலார் ஸ்டாண்ட் என்று நெருக்கடியான இடத்தில் ஷீட்டை வெட்டி ஒட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். விலை அதிகம், தளம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், பல ரகங்கள் நேர் வெயிலில் மஞ்சளாகிப் பொடியும். ஆகவே இதையும் மூடிவிடுவது நல்லது.

பூச்சில் ஏமாற்று நடப்பது கனத்தில். ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தடவினால் 1 மில்லிமீட்டர் கனம் வரும், அதற்கு மேல் வரவே வராது. காய்ந்த பிறகு 1.5 மில்லிமீட்டர் வேண்டுமென்றால் 1,000 சதுர அடிக்கு, அதாவது 93 சதுர மீட்டருக்கு, குறைந்தது 140 லிட்டர். 20 லிட்டர் வாளியில் ஏழு. மூன்று வாளியோடு மாடி ஏறுகிறவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டு அப்புறம் பேசுங்கள்.

வெள்ளைக் கூலிங் பெயின்ட் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். புதிய வெள்ளைப் பூச்சு வெயிலில் எண்பது சதவீதம் வரை திருப்பி அனுப்பும், அழுக்கேறிய வெறும் கான்கிரீட் முப்பது சதவீதம் திருப்பி அனுப்பினாலே அதிகம். உள்ளே இருப்பவர்களுக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஆனால் அது வெயிலுக்கான மருந்து. தண்ணீரை நிறுத்தும் படலம் என்று அதை எண்ணக் கூடாது. தூசி படிந்தால் பலனும் குறையும், வருடத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும், சில வருடத்துக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், சுலபமாகப் புதுப்பிக்கக்கூடிய அடுக்காக இருப்பதால் இதை நான் விரும்புகிறேன். கையில் காசில்லாதவர்கள் சித்திரைக்கு முன்னால் சுண்ணாம்பில் பசை கலந்து இரண்டு கை அடித்தாலும் அந்தக் கோடைக்குப் பலன் உண்டு.

கடைசியாக, எக்ஸ்.பி.எஸ். என்ற இறுக்கமான பிளாஸ்டிக் நுரைப் பலகை. தளத்தின் மேல் தண்ணீர்ப் படலம், அதன் மேல் 50 மில்லிமீட்டர் பலகை, அதன் மேல் துணி, கலவை, ஓடு. ஜல்லியைவிடப் பல மடங்கு வெயிலைத் தடுக்கும், எடையே இல்லை என்று சொல்லலாம். அடியில் இருக்கும் படலத்துக்கு நிழலும் கிடைக்கிறது. செலவுதான் அதிகம். இதற்குப் பதில் மலிவான தெர்மாகோல் போடலாமா என்று கேட்டால், கூடாது. அது நாளடைவில் தண்ணீரை உறிஞ்சும்.

தங்கை வீட்டுக்கு நான் சொன்னது

அந்தத் தளம் இத்தனை வருடம் ஜல்லி எடையைத் தாங்கிய தளம். பழையதை எடுத்துவிட்டு அதே கனம் போடுவதால் புதுச் சுமை எதுவும் ஏறாது. ஆகவே 4 மில்லிமீட்டர் பாலியஸ்டர் ஏ.பி.பி. ஷீட், தொட்டிக் கால்களையும் குழாய்களையும் சுற்றிப் பாலியூரித்தேன், மெல்லிய பூச்சு, சுண்ணாம்பு ஜல்லி, வெள்ளைத் தட்டோடு. பழைய ஜல்லியைப் பெயர்க்க இடிக்கும் மெஷின் வேண்டாம், உளியும் சுத்தியலும் போதும் என்றும் சொன்னேன். மெஷின் அதிர்வு தளத்துக்கே வெடிப்பு கொடுத்துவிடும்.

பழைய தட்டோட்டை எடுக்காமல் மேலேயே பூச்சு தடவிவிடலாம் என்று மாப்பிள்ளை சொல்லிப் பார்த்தார். ஜல்லி காய்ந்திருந்தால் அது பரவாயில்லாத வழி. அவர்கள் வீட்டில் ஜல்லி ஊறிப் போயிருந்தது, நடந்தாலே பல இடத்தில் டொக்கு டொக்கென்று சத்தம். உள்ளே தண்ணீரை வைத்து மேலே பூசினால், கோடையில் அது ஆவியாகிப் பூச்சைக் கொப்பளிக்க வைக்கும், மிச்சம் கீழே கூரைக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும்.

இதே விடை எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. "பின்னால மாடி எடுக்கணும்" என்று பில்லர் கம்பியை நீட்டி விட்டிருக்கும் வீடுகள் சேலத்தில் தெருவுக்கு நாலு இருக்கும். அங்கே நிரந்தரத் தளம் போட்டு உடைப்பது வீண். வெறும் தளத்தின் மேல் வெயிலைத் தாங்கும் அக்ரிலிக் வெள்ளைப் பூச்சு, மூன்று நாலு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு, அது போதும். கம்பி தளத்தைவிட்டு வெளியே வரும் இடத்தை மட்டும் நன்றாக அடைக்க வேண்டும். தண்ணீர் அந்தக் கம்பி வழியாகத்தான் இறங்கும்.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் இன்னும் மிச்சமிருக்கும் மெட்ராஸ் டெரஸ் வீடுகளுக்கு டார்ச்சே கூடாது. மர உத்தரங்களின் மேல் சுண்ணாம்பில் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிய தளம் அது. காய்ந்த மரத்துக்குப் பக்கத்தில் நெருப்பு எதற்கு? அந்தத் தளம் மூச்சு விட வேண்டும். தார் கொண்டு மூடினால் உள்ளே ஈரம் தங்கி உத்தரம் உளுத்துவிடும். சுண்ணாம்பால் போட்டதைச் சுண்ணாம்பாலேயே பழுது பாருங்கள்.

அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கம் தறிக்கூடங்களுக்குப் போடும் கலர் ஷீட் கூரைக்குக் கணக்கு வேறு. அங்கே பிரச்சினை முழுக்க வெயில்தான். ஷீட்டுக்கு அடியில் விரிக்கும் அலுமினியக் குமிழி விரிப்பு வேலை செய்ய, பளபளப்பான பக்கத்துக்கு எதிரே ஓர் அங்குலமாவது காற்று இடைவெளி வேண்டும். ஷீட்டோடு ஒட்டிப் போட்டால் பாதிப் பலன் போய்விடும். பளபளப்பு கீழ்ப் பக்கம் இருந்தால் தூசி படியாது. பஞ்சுத் துகள் பறக்கும் இடம் என்பதால் தீ பரவாத ரகம் என்று கேட்டு வாங்குவது கட்டாயம்.

மலை மேல் கணக்கு வேறு

ஏற்காட்டில் சித்தப்பா வீடு மங்களூர் ஓட்டு வீடு. 1865-இல் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து கிளம்பிய அந்த ஓட்டு வகை, தென்னாட்டு மலைத்தோட்டங்கள் எங்கும் பரவியது. மலை வீட்டுக்கு அது பொருத்தமான ஓடு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கூரைச் சரிவில் இறங்கும் கைமரத்தின் மேல் ரீப்பர், ரீப்பரில் ஓட்டின் காது மாட்டி நிற்கிறது. ஃபீனிக்ஸ் வீட்டைப் போலவே கழற்றி மாட்டலாம். ஆகவே அடியில் போடும் படலம் ஐம்பது வருடம் உழைத்தே ஆக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இங்கே கிடையாது.

இங்கே வெயிலைவிடப் பெரிய எதிரி ஈரம். காற்றோடு சாய்ந்து அடிக்கும் மழை ஓட்டு இடுக்கில் ஏறி உள்ளே தெறிக்கும். மஞ்சு நாள்கணக்கில் நிற்கும், ஓட்டில் பாசி கட்டும். குரங்குகள் ஓடி விளையாடி ஓட்டை நகர்த்திவிட்டுப் போகும், அடுத்த மழையில்தான் நமக்குத் தெரியும். இதற்கெல்லாம் அடியில் ஒரு படலம் இருந்தால் நல்லதுதான்.

ஊரில் பலரும் செய்வது, ஓட்டுக்கு அடியில் தார்ப்பாயையோ பாலிதீன் ஷீட்டையோ விரித்துவிடுவது. மலிவு, அன்றைக்கே ஒழுகல் நிற்கும். ஆனால் ராத்திரியில் சமையல் ஆவியும் ஆட்கள் விடும் மூச்சும் மேலே ஏறி, குளிர்ந்த பிளாஸ்டிக்கில் பட்டுத் தண்ணீராகச் சொட்டும். ரீப்பரின் அடிப்பக்கம் எந்நேரமும் ஈரமாகவே இருக்கும். சித்தப்பா வீட்டில் ரீப்பர் மாற்ற வேண்டி வந்ததே இதனால்தான். மழை நாளில் சொட்டாமல், பனி நாளில் சொட்டினால் அது ஒழுகல் இல்லை, இந்த வேர்வைதான்.

அதற்கு மாற்று, ஆவியை வெளியே விட்டுத் தண்ணீரை உள்ளே விடாத மூச்சுவிடும் விரிப்பு. இதைக் கைமரத்தின் மேல் விரித்து, கைமரம் போகும் திசையிலேயே மெல்லிய சட்டம் ஒன்று அடித்து, அதன் குறுக்கே ரீப்பர் அடிக்க வேண்டும். இந்த நடுச் சட்டத்தை மிச்சம் பிடிக்கத்தான் ஆசாரிகள் பார்ப்பார்கள். விட்டுக் கொடுக்காதீர்கள். அது இல்லாவிட்டால் விரிப்பின்மேல் இறங்கும் தண்ணீர் ரீப்பரில் தடுத்து நிற்கும், காற்றும் ஓடாது. அந்த இடைவெளி வழியாகத்தான் தண்ணீர் தாழ்வாரத்துக்கு ஓடுகிறது, ஓடும் காய்கிறது.

இன்னொரு நல்ல வழி பழைய தோட்ட பங்களாக்களில் இருக்கிறது: மேல் ஓட்டுக்குக் கீழே இரண்டாவதாக ஒரு வரிசை சீலிங் ஓடு. அது மூச்சு விடும், எரியாது, பார்க்கவும் அழகு. எடை கூடும், கைமரம் அதற்கேற்ற கனம் இருக்க வேண்டும். சித்தப்பா வீட்டுக் கைமரம் அவ்வளவு தாங்காது என்பதால்தான் மூச்சுவிடும் விரிப்பைச் சொன்னேன். தாங்கும் வீடாக இருந்தால் சீலிங் ஓட்டைத்தான் சொல்லியிருப்பேன். அலுமினியக் குமிழி விரிப்பை ஏற்காட்டுக்கு எடுத்துக்கொண்டு போகவே வேண்டாம். வெயிலைத் திருப்ப வேண்டிய ஊர் அது கிடையாது, அந்த விரிப்பு ஆவியையும் விடாது.

இரண்டு எச்சரிக்கை. கூரைச் சரிவு 25 டிகிரிக்குக் குறைவாக இருந்தால் மங்களூர் ஓடு எப்படியும் தண்ணீர் ஏறும், விரிப்பு போட்டால் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம். அப்புறம், இந்த விரிப்புகள் வெயிலில் சில மாதத்துக்கு மேல் தாங்காது. விரித்த கையோடு ஓடு வேய்ந்துவிட வேண்டும். தாழ்வார ஓரத்தில் வெளியே தெரியும் நுனிக்கு ஒரு தகடு மடித்து அடிக்க வேண்டும், ஃபீனிக்ஸில் முதலில் பொடிவதும் அந்த நுனிதான்.

போட்ட பிறகு

சேலத்து மாடிக்கு வருடத்தில் இரண்டு தடவை ஏறிப் பார்த்தால் போதும். பங்குனிக்குள் ஒருமுறை, கழுவி, மழைநீர்க் குழாய் வாயைச் சுத்தம் செய்து, கைப்பிடிச் சுவர் ஓரத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஆடிக்குப் பிறகு பெருமழை தொடங்கும் முன் ஒருமுறை, அதே வேலை. காக்கை எச்சத்தில் முளைக்கும் அரச, ஆலங்கன்றைச் சுண்டுவிரல் நீளத்தில் பிடுங்கிவிட வேண்டும், வேர் ஜல்லிக்குள் போன பிறகு பிடுங்கினால் தளமும் சேர்ந்து வரும். டிஷ் ஆன்டெனாவுக்கும் சோலார் ஸ்டாண்டுக்கும் தளத்தில் துளை போட விடாதீர்கள். கான்கிரீட் கட்டை போட்டு அதன்மேல் நிறுத்தச் சொல்லுங்கள். மூடாத ஷீட்டோ பூச்சோ இருக்கும் மாடியில் தீபாவளிப் பட்டாசு வேண்டாம், தெருவில் வெடித்தது விழுந்தாலும் மறுநாள் ஏறிப் பாருங்கள். ஆசிட் ஊற்றிக் கழுவுவது தட்டோட்டுச் சந்தை அரிக்கும்.

மலை வீட்டில் இரண்டு கூரைச் சரிவு சேரும் பள்ளத் தகட்டில் சில்வர் ஓக் மரத்து இலை அடைப்பதுதான் பாதிப் பிரச்சினை. அதை மாதம் ஒருமுறையாவது எடுக்க வேண்டும். பாசியை மூங்கில் துடைப்பத்தால் தேய்த்தால் போதும், தண்ணீரை அழுத்தமாகப் பீய்ச்சும் மெஷின் ஓட்டு இடுக்கில் தண்ணீரை ஏற்றிவிடும். உடைந்த ஓட்டுக்கு மாற்றாக அதே அச்சில் இருபது, முப்பது ஓடு எடுத்து வைத்திருப்பது நல்லது, வேறு கம்பெனி ஓடு காது பொருந்தாது.

யாரிடம் வேலை கொடுத்தாலும், படலத்தை மூடும் முன் நீர் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். குழாய் வாயை அடைத்து ஓர் அங்குலம் தண்ணீர், 48 மணி நேரம். 1,000 சதுர அடிக்குச் சுமார் 2,300 லிட்டர் ஆகும். தண்ணீருக்குக் கஷ்டமான கோடையில் அது பெரிய செலவுதான், ஆனால் ஜல்லி போட்ட பிறகு கண்டுபிடிக்கும் ஓட்டைக்கு ஆகும் செலவில் அது ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு மூலையையும் மூடும் முன் போனில் படம் எடுத்து வையுங்கள், எந்தக் குழாய் எங்கே போகிறது என்பது பின்னால் வேறு யாருக்கும் தெரியாது. கூலியில் ஒரு பங்கை முதல் பெருமழைக்குப் பிறகு தருவதாகப் பேசிக்கொள்ளுங்கள்.

வேலைக்கு நேரம் பார்ப்பதும் பொருளைத் தேர்ந்தெடுப்பதில் சேர்ந்ததுதான். சேலத்தில் தை, மாசி நல்ல காலம்: தளம் காய்ந்திருக்கும், ஷீட் ஒட்டுகிறவர் வெயிலில் அவசரப்பட மாட்டார், சித்திரை மழைக்கு முன் தட்டோடு பதிந்துவிடும். ஏற்காட்டில் தை மாதம் காப்பிப் பழம் பறிப்பு இருக்கும், ஆள் கிடைக்காது. அதனால் சித்தப்பாவுக்கு மாசிக் கடைசியில் ஓடு பிரித்து, பங்குனி பாதிக்குள் வேய்ந்து முடிக்கச் சொல்லியிருக்கிறேன். விரிப்பு ரோலை ரீப்பர் சட்டமெல்லாம் அறுத்துத் தயாரான பிறகு மலை ஏற்றினால் போதும்.